பொன்னுரங்கன் ஆண்ட ஏழு வருஷம்

வேனில் ரேடியோ கெட்டுப்போன வாரத்தில்தான் ஏழுகரை நாடு உண்டாயிற்று. அதற்கு முன் தனபாக்கியம் ராஜாக்களைப் பற்றி எதுவும் நினைத்ததுகூட இல்லை.

ஆலங்காயத்துப் பக்கத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன் அது. காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, ஊர் ஊராக நின்று, வாணியம்பாடியில் கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலைத் தொட ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இருபத்திரண்டு பெண்கள். ரேடியோ இருந்தவரைக்கும் பாட்டைக் கேட்டபடி தூங்கிவிடுவார்கள். அது நின்ற பிறகு தூக்கமும் வராமல் பேச்சும் ஓடாமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள், வாணியம்பாடியில் ஏறுகிற அன்வரி பேகம் பொறுக்க முடியாமல், "இன்னாடி இது, மையத்து வூட்டுக்குப் போறாப்ல இருக்குது. எவளாவது வாயத் தொறங்களேன்" என்றாள்.

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். அதுவே அதிசயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், முப்பத்தெட்டு வயசு, கேட்டால் மட்டும் பதில் சொல்லுகிற ரகம். கம்பெனியில் அவளுக்கு பேஸ்டிங் வேலை. தோல் துண்டின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஆறு வருஷமாகத் தட்டுகிறாள். பக்கத்து மேசைக்காரிக்குக்கூட அவள் குரல் சரியாகத் தெரியாது.

"ஒரு ராஜா செத்துப்போய்ட்டான்" என்றாள். "அவன் பையனுக்குப் பதிமூணு வயசு. இனிமே அவன்தான் ராஜா."

"பேரு இன்னா?"

"பொன்னுரங்கன்."

வேன் சிரித்தது. "ராஜாவுக்கு எவனாவது இப்டிப் பேரு வெப்பானா?"

"அவங்கம்மா பள்ளிகொண்டா சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க."

"ஏழுகரை நாட்லேர்ந்து பள்ளிகொண்டாவுக்கு எப்டி வந்தாங்களாம்?"

"வந்தாங்க. ராணிதானே, வேன் இல்லாமயா போகும்?"

அன்றிலிருந்து போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று பொன்னுரங்கனின் ஆட்சி நடந்தது. கிரீடம் வைத்த அன்றைக்கு அது மூக்குவரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே துணியைத் திணித்துத் தலையில் நிற்க வைத்தார்கள். பையன் வளரும்வரை சித்தப்பன் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தப்பன் பார்த்துக்கொண்டான். எந்த ஓலை வந்தாலும் எழுதுவது அவன், முத்திரை போடுவது பையன். எதற்குப் போடுகிறோம் என்று பையனுக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டான். "நீ வெளையாடப் போ ராஜா" என்றான் சித்தப்பன்.

பதினாலாவது வயசில் பொன்னுரங்கன் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு கட்டளை போட்டான். அரண்மனையில் வேலை செய்கிற யாரும் ஒண்ணுக்குப் போக இனிமேல் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான் அந்தக் கட்டளை. வேன் முழுக்கச் சிரித்ததில் டிரைவர் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு இரண்டே டோக்கன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த லைன் சூப்பர்வைசர் சோபனா மட்டும் சிரிக்கவில்லை. கேட்காததுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மறுநாள் வாணியம்பாடி தாண்டியும் கதை ஆரம்பிக்காதபோது, "இன்னிக்கு ராஜாவுக்கு லீவா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டதும் அவள்தான்.

அன்வரி பேகம் இரண்டாம் வருஷத்திலிருந்து கதையைப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். அவள் புருஷன் வக்கார் அகமது முப்பது வருஷம் தோல் ஷாப்பில் பச்சைத்தோல் பதனிடுகிற வேலை பார்த்து, நுரையீரல் கெட்டுக் கட்டிலோடு கிடந்தார். சாயங்காலம் இவள் வீட்டுக்குப் போனதும் டீ கேட்பதற்கு முன்னால் ராஜாவைக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டுத் தன் பழைய தோஸ்துகளுக்கெல்லாம் அனுப்புவார்.

பொன்னுரங்கனுக்குப் பதினாறு வயசானபோது சித்தப்பன் அவனை மலைநாட்டோடு சண்டைக்கு அனுப்பினான். அவன் ஜெயித்துத் திரும்பினான். திரும்பியதும், செத்த சிப்பாய்கள் ஒவ்வொருத்தன் பேரையும் சபையில் வாசிக்கச் சொன்னான். அதற்கு மூன்று நாள் ஆனது. அந்தப் பகுதியைச் சொன்ன காலை தனபாக்கியத்துக்குப் பத்துப் பேருக்குமேல் பேர் தோன்றவில்லை. அவள் தயங்கி நிற்க, பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "ஏகாம்பரம்" என்றாள். அது அவள் அண்ணன் பேர், லாரியில் அடிபட்டவன். அடுத்தவள் ஒரு பேர் சொன்னாள். அன்வரி பேகம், "ஃபஹீம்" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். ஆம்பூர் வரும்வரைக்கும் பேர்களாகவே வந்தன. அன்றைக்கு யாரும் வேனை விட்டு அவசரமாக இறங்கவில்லை.

தனபாக்கியத்துக்கு இதெல்லாம் புதுசாக இருந்தது. தோலை மடித்துத் தட்டும்போது நாளைக்கு ராஜா என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். மணி ஓடுவது தெரியாது. வீட்டிலும் பேச்சு கொஞ்சம் கூடிப்போனது. அவள் புருஷன் கங்காதரன் வாணியம்பாடிக்கு வெளியே ஒரு தோல் ஷாப்பில், தோலை ஊறப்போட்டுச் சுழற்றுகிற டிரம்மில் வேலை பார்த்தான். அவளைவிடக் குறைவாகப் பேசுகிற ஆள். அவனே சோற்றில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு இன்னா பண்ணான் உன் ராஜா?" என்று கேட்பான். மகள் பாரதி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ராஜாவுக்கு எப்போ கல்யாணம்னு கேளு" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

ராஜாவுக்கு இருபது வயசானது. ஏழுகரையிலும் மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை. அடுத்து என்ன என்று தனபாக்கியத்துக்குத் தோன்றவில்லை. கங்காதரன்தான் வழி சொன்னான். "தண்ணி இல்லன்னா மொதல்ல அரமனை கெணத்துல ஆள எறக்கித் தூர் வாருவாங்க. அத்த சொல்லு."

திங்கட்கிழமை அவள் ராஜாவை அரண்மனைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, கிணற்றைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு ஆழம், எத்தனை படி, எத்தனை வருஷமாய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதோடு அன்றைக்குக் கதை நின்றது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு சோபனா மேசைக்கு வந்து நின்றாள். வேலை நேரத்தில் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். எந்தச் சேதியானாலும் சூப்பர்வைசர் வழியாகத்தான் வரும். "தனம், சுத்தியக் கீழ வை. எழுந்து வா" என்றாள். தனபாக்கியம் கையில் பசையோடுதான் ஆட்டோவில் ஏறினாள்.

தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் கங்காதரன் விஷவாயு தாக்கிச் செத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே தோல் ஷாப்பு மேஸ்திரி மகேந்திரன் நின்றிருந்தான். கையில் மூன்று தாள். "இதுல கையெழுத்து போட்டுடும்மா. போட்டாத்தான் பாடி குடுப்பாங்க. பொழுது போறதுக்குள்ள எடுத்துட்டுப் போய்டலாம்." தனபாக்கியத்துக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. அவன் விரல் காட்டிய மூன்று இடத்திலும் போட்டாள். அவன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தான். உள்ளே கங்காதரனின் சட்டை, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்திருந்தது. மடிப்புக்குள் வாட்சும் போனும் இருந்தன.

காரியம் முடிந்த மறுநாள் பாரதி அந்தத் தாளின் நகலைப் படித்தாள்.

"அம்மா, அப்பா குடிச்சிட்டு, சொல்பேச்சு கேக்காம அவராவே தொட்டிக்குள்ள எறங்குனாருன்னு எழுதியிருக்குது."

"அப்டியா எழுதியிருக்குது?"

"நீ கையெழுத்து போட்ருக்கமா."

கங்காதரன் குடிக்க மாட்டான். அவன் அப்பா குடித்தே செத்தவர். இருமல் மருந்தில் போதை இருக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து இவன் இருமிக்கொண்டே கிடப்பான், மருந்தைத் தொட மாட்டான். அப்படிப்பட்டவனைக் குடிகாரன் என்று எழுதி, அதன் கீழே அவளையே கையெழுத்துப் போட வைத்துவிட்டார்கள். பேப்பரிலும் நாலு வரிச் செய்தி அதே மாதிரிதான் வந்தது. பாரதியோடு படிக்கிற பெண்கள் அதைப் படித்திருந்தார்கள்.

தனபாக்கியம் தோல் ஷாப்பு கேட்டில் போய் நின்றாள். மகேந்திரன் வெளியே வந்து, "அவனாத்தான் எறங்கனான். யாரும் எறங்கச் சொல்லல" என்றான்.

"அவரு குடிக்க மாட்டாரு."

"வூட்டுக்குத் தெரியாம எவ்ளோ பேரு குடிக்கிறான். உனக்கு இன்னா தெரியும்?"

கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பக்கமாகப் போனார்கள், வந்தார்கள். ஒருத்தனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று ஒரு மனு கொடுத்தாள். ரசீது கொடுத்தார்கள். விசாரணை வரும் என்றார்கள்.

அந்த வாரமே மறுபடியும் வேலைக்குப் போனாள். வேனில் அவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். யாரும் கதை கேட்கவில்லை. மூலையில் புது ரேடியோ மாட்டியிருந்தது. அதை யாரும் போடவில்லை. இப்படியே ஒரு மாசம் போனது. ஒருநாள் காலை அன்வரி பேகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தனம், கோச்சிக்காத. எங்கூட்டு மனுசன் டெய்லி கேக்கறாரு. கெணத்தாண்ட நின்னானே ராஜா, இன்னா ஆனான்?"

"செத்துப்போய்ட்டான்" என்றாள் தனபாக்கியம்.

பின் சீட்டில் ஒருத்தி, "அய்யோ" என்றாள். இன்னொருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. "இருபது வயசுடி. கல்யாணம்கூட ஆவல. அதெப்டி சாவான்?"

அவள் சொன்னாள். மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசியதில்லை. தூர் வார ஆள் கிடைக்கவில்லை என்று சித்தப்பன் சொன்னான். ராஜாவே இறங்கினால் ஊர் நம்பும் என்றான். இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே காற்று இல்லை. கயிறு அசைந்தது. மேலே நின்றவர்கள் இழுக்கவில்லை. பிறகு சித்தப்பன் ஊருக்குத் தண்டோரா போட்டான். ராஜா குடித்திருந்தான், யார் சொல்லியும் கேட்காமல் அவனாகவே இறங்கினான் என்று. ராஜாவின் அம்மாவைக் கூப்பிட்டு அந்த ஓலையில் முத்திரை போடச் சொன்னான். அவள் போட்டாள்.

சோபனா முதல் சீட்டிலிருந்து திரும்பினாள். கதை கேட்டு அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. "தனம், வேணாம்" என்றாள்.

அன்வரி பேகத்தின் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அதை வக்கார் அகமது கேட்டார். அவர் தோஸ்துகள் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரம் முழுக்க எந்தத் தோல் ஷாப்பில் யார் போனில் இருந்தாலும் அது இருந்தது. யாருக்கும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோபனா ஆலங்காயத்துக்கே வந்துவிட்டாள். கொண்டுவந்த ஆப்பிள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தனபாக்கியத்தின் கம்பெனிக்குத் தோல் வருகிறதே, அதில் பாதி அந்தத் தோல் ஷாப்பிலிருந்துதான் வருகிறது. இரண்டு முதலாளிகளும் உறவுக்காரர்கள். மேலே இருக்கிறவர்கள் சோபனாவைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்கள்.

"கத சொல்ல வேணாம்னு நான் சொல்லல தனம். வேற ராஜா கதையா சொல்லு."

"வேற ராஜா யாரையும் எனக்குத் தெரியாது மேடம்."

"பொண்ணு இருக்குது உனக்கு. யோசி."

"மூணு வருசமா முன் சீட்ல உக்காந்து கேட்டீங்களே மேடம். பொன்னுரங்கன் குடிப்பானா?"

சோபனா எழுந்து, பையைப் பாரதி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேன் வந்தது, நிற்காமல் போனது. ஜன்னலில் தெரிந்த முகங்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தன. அன்வரி பேகம் இருந்திருந்தால் கத்தியிருப்பாள், ஆனால் அவள் வாணியம்பாடியில்தானே ஏறுவாள். தனபாக்கியம் டவுன் பஸ்ஸில் போய், மாறி, இன்னொரு பஸ்ஸில் போனாள். மூன்று நாள் லேட். மூன்று நாளும் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் அவள் நேரத்துக்கே போய்விட்டாள். வாட்ச்மேன், "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்றான். வேலையை விட்டு நீக்கியதாக ஒரு தாளும் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு மத்தியானம், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இருபத்து நாலு வயசு இருக்கும், மெலிந்த பையன். இவளைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றான்.

"நவீன்குமாருக்கா. அண்ணன்கூட டிரம்ல இருந்தேன். இப்போ ஓசூர்ல இருக்கேன்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"போன்ல ராஜா கத கேட்டேன்க்கா. ஓசூர் வரைக்கும் வந்துச்சு." தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தான். "நீங்க அதுல தப்பா சொல்லிட்டீங்க."

"எத்த தப்பா சொன்னேன்?"

"அவர யாரும் எறக்கலக்கா. மொதல்ல எறங்குனது நான்."

தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டது. மகேந்திரன் போனில் யாரிடமோ பேசிவிட்டு, நவீனை இறங்கச் சொன்னான். முகத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. அடியில் காலை வைத்ததுதான் நவீனுக்கு ஞாபகம். மற்றதெல்லாம் மேலே நின்றவர்கள் பிறகு அவனுக்குச் சொன்னது. அவன் மயங்கி விழுந்ததைப் பார்த்து எல்லோரும் கத்தினார்கள். கங்காதரன் டிரம்மை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். பயர் சர்வீசுக்குப் போன் போடலாம் என்று ஒருத்தன் சொல்ல, மகேந்திரன் வேண்டாம் என்றான். கங்காதரன் சட்டையைக் கழற்றி மடித்து, வாட்சையும் போனையும் அதில் வைத்து, சுவர் மேல் வைத்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கீழே போய்க் கயிற்றை நவீனின் கக்கத்தில் கட்டி இழுக்கச் சொல்லிக் கை காட்டினான். இழுத்தார்கள். மறுபடி கயிற்றைக் கீழே விட்டபோது அதைப் பிடிக்கக் கீழே யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன வேற ஊர்ல ஒரு கிளினிக்ல ஒரு வாரம் வெச்சிருந்தாங்க. அப்டியே ஓசூர் அனுப்பிட்டாங்க. வாயத் தொறந்தா எங்கம்மா வேலையும் போய்டும்னாங்க. நான் பயந்துட்டேன்க்கா."

"எறங்கறப்போ இன்னா சொன்னாரு?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் கீழ கெடந்தேன்."

தனபாக்கியம் அவனைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அப்போது வந்த எண்ணத்தைப் பிற்பாடு அவள் அன்வரி பேகத்திடம் மட்டும்தான் சொன்னாள். இவன் செத்திருந்தால் அவர் வீட்டுக்கு வந்திருப்பார் என்பதுதான் அது. இவ்வளவு நாள் யாரோ பிடித்துத் தள்ளினார்கள் என்று நினைத்திருந்தாள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். இப்போது, அவர் அவராகவேதான் போயிருக்கிறார். பெண்டாட்டியும் மகளும் இருக்கிறார்கள் என்று தெரிந்தே, சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது?

"போ" என்றாள்.

அவன் ஒரு சீட்டில் நம்பரை எழுதித் தண்ணீர்ச் சொம்புக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

மூன்று வாரம் அந்தச் சீட்டை அவள் தொடவில்லை. விசாரணைக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. பாரதிதான் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். "உனக்காக வேணாம்மா. காலேஜ் பாரத்துல அப்பாவப் பத்திக் கேக்கறாங்க. நான் இன்னான்னு எழுதறது?"

தனபாக்கியம் போன் போட்டாள். "வந்து சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் அன்றைக்கு ஊரில் இருந்தான். அந்தப் பக்கம் அவன் அம்மா ஏதோ கத்துவது கேட்டது. "வர்றேன்க்கா" என்றான்.

விசாரணை கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஒரு நீள அறையில், ஒரு அதிகாரி முன்னால் நடந்தது. மகேந்திரனும் தோல் ஷாப்பு வக்கீலும் ஒரு பக்கம், தனபாக்கியமும் பாரதியும் ஒரு பக்கம். பெஞ்சின் கடைசியில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அன்வரி பேகம் தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு ஆகியும் நவீனைக் காணவில்லை. வக்கீல் அந்த மூன்று தாளை எடுத்து வைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"என்துதான்."

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"பாடி வேணும்னு போட்டேன் சார்."

அப்போதுதான் நவீன் உள்ளே வந்தான். பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டதாம், வியர்வையில் நனைந்திருந்தான். மகேந்திரன் அவனைப் பார்த்ததும் எழுந்து, "டேய், உங்கம்மாவ நெனச்சிப் பாரு" என்றான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். நவீன் நின்றுகொண்டே சொன்னான். தனபாக்கியத்திடம் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். கடைசியில், "அவரு குடிக்க மாட்டாரு சார். கம்பெனி பொங்கலுக்குக் குடுத்த பிராந்தியக்கூட எனக்குத்தான் குடுத்தாரு" என்றான்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ரத்தப் பரிசோதனை அறிக்கை அதிலேயே இருந்தது. மது இல்லை என்று. அது வந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவுமில்லை.

கீழே இறங்கியதும் நவீன் ஒரு ஓரமாக நின்றான். அவள் அவனிடம் போகவில்லை. அன்வரி பேகம்தான் போய் அவன் தலையில் கையை வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். மகேந்திரன் மேல் வழக்கு போட்டார்கள். முதலாளி பேர் அதில் இல்லை. தோல் ஷாப்பை மூன்று மாசம் மூடி சீல் வைத்தார்கள். பிறகு வேறு போர்டு மாட்டிக்கொண்டு திறந்துவிட்டார்கள். அதே தொட்டி, புது மூடி. நவீனின் அம்மாவுக்கு வேலை போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா தனபாக்கியம் போய்விட்டு வருகிறாள். கங்காதரன் பேரில் இருந்த "குடிபோதை" என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் நகலைப் பாரதி தன் சர்டிபிகேட்களோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

வக்கார் அகமது சாவதற்கு முந்தின மாசம், அவர் கேட்டுக்கொண்டதற்காகத் தனபாக்கியம் அவர் கட்டிலண்டை போய் உட்கார்ந்து முடிவைத் திருத்திச் சொன்னாள். ராஜாவை யாரும் இறக்கவில்லை. கிணற்றுக்குள் ஒரு சிப்பாய் கிடந்தான். ராஜாதான் போய் எடுத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம், "நாட்ட யாரு ஆண்டா?" என்றார்.

"அவன் சித்தப்பன்தான் பாய்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதன் பிறகு அவள் யாருக்கும் ராஜா கதை சொன்னதில்லை.

இப்போது அவளுக்கு வீட்டு வேலைதான். ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற ஷூ மேல்பாகங்களை ஊசியும் மெழுகு நூலும் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கிறாள். விரலில் தோல் உரிந்தால் டேப் சுற்றிக்கொள்கிறாள். பாரதி வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

போன தை மாசம் நவீன் பத்திரிகை வைக்க வந்தான். பள்ளிகொண்டா கோயிலில் கல்யாணம். அவள் வாங்கிக்கொண்டு, "பாக்கறேன்" என்றாள். கல்யாணத்தன்று காலை புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பஸ் வந்தது, ஏறவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "எங்க போறீங்க?" என்று கேட்டாள். "கல்யாணத்துக்கு" என்றாள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதில் ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. நவீன் அவளைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு மாலையோடு இறங்கி வந்தான். புதுப்பெண்ணையும் இழுத்துக்கொண்டு காலில் விழுந்தான். அவன் முதுகு மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தனபாக்கியம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு பேரையும் தூக்கிவிட்டாள். அவன் அம்மா வந்து அவள் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் காலையில் ஏஜென்ட் வருவான், இன்னும் பன்னிரண்டு ஜோடி பாக்கி இருந்தது.